அமெரிக்காவில் ஓட்டிசம் தெரபி ஏஜென்சி: லைசென்ஸையும் மெடிக்கெய்ட் பதிவையும் திருகோணமலையில் இருந்து பார்த்துக் கொடுப்பது எப்படி

நியூஜேர்சியில் இருக்கும் மச்சாளோ டெக்சாஸில் இருக்கும் சித்தப்பாவின் மகனோ ஒருநாள் வட்ஸ்அப்பில் கோல் எடுத்து, “ஓட்டிசம் பிள்ளைகளுக்குத் தெரபி குடுக்கிற ஏஜென்சி ஒண்டு தொடங்கப் போறன், ஃபோம் வேலையெல்லாம் நீ அங்கயிருந்து பாக்கலாம்தானே” என்று கேட்டால், உடனே ஓம் சொல்லிவிடாதீர்கள், இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். செய்யக்கூடிய வேலைதான். உப்புவெளியில் வீட்டு விறாந்தையில் ஒரு லப்டொப்பும் அடிக்கடி அறுந்து போகாத இணைப்பும் இருந்தால் இதில் பெரும்பகுதியை முடித்துக் கொடுக்கலாம். ஆனால் மிச்சப் பகுதியை இங்கிருந்து செய்யவே கூடாது, சிலவற்றை அமெரிக்கச் சட்டமே விடாது. எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் இறங்கினால் மச்சாளின் கம்பனியும் போகும், உறவும் போகும்.

மெடிக்கெய்ட் என்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் இயலாமை உள்ளவர்களுக்கும் அங்கே அரசு கொடுக்கும் மருத்துவக் காப்புறுதி. 1965இல் வந்தது. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து காசு போடுகின்றன, நடத்துவது மாநிலம். அதனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, பெயர்கூட வேறு: கலிபோர்னியாவில் மெடி-கால், டெனசியில் டென்கெயார், மசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த். 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சையை மாநிலம் கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்திய சட்டம் சொல்கிறது. அந்தக் கடமை ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் சிகிச்சைக்கும் உண்டு என்று 2014 ஜூலையில் மத்திய மெடிக்கெய்ட் நிர்வாகம் மாநிலங்களுக்கு எழுத்தில் விளக்கியது. பல மாநிலங்கள் அதற்குப் பிறகுதான் அசைந்தன, டெக்சாஸ் மெடிக்கெய்ட் ஏபிஏ தெரபிக்குக் காசு கொடுக்கத் தொடங்கியதே 2022 பெப்ரவரியில்தான். ஏபிஏ என்றால் நடத்தையைப் பகுத்துப் பார்த்துச் செய்யும் தெரபி, இந்த ஏஜென்சிகள் விற்பது பெரும்பாலும் அதைத்தான்.

ஆகவே கோல் எடுத்தவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த மாநிலம் என்பது. “எல்லா இடமும் ஒண்டுதான்” என்று பதில் வந்தால் அவர் இன்னும் ஒன்றும் வாசிக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்வி, உங்களிடம் பிசிபிஏ யார் என்பது. பிசிபிஏ என்பவர் மாஸ்டர்ஸ் படித்து, மேற்பார்வையின் கீழ் 1500 தொடக்கம் 2000 மணிநேரம் வேலை செய்து, பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுத்தவர். பிள்ளையை மதிப்பீடு செய்வதும் திட்டம் எழுதுவதும் அவர். பிள்ளையோடு இருந்து மணிக்கணக்காக வேலை செய்பவர் ஆர்பிடி: 18 வயது, உயர்நிலைப் பள்ளிப் படிப்பு, 40 மணிநேரப் பயிற்சி, திறன் மதிப்பீடு, பரீட்சை. ஆர்பிடி தனியாக இயங்க முடியாது, அவர் மாதத்தில் தெரபி கொடுக்கும் நேரத்தில் குறைந்தது நூற்றுக்கு 5 பங்கு மேற்பார்வையில் நடக்க வேண்டும். பிசிபிஏ இல்லாத ஏஜென்சிக்கு மெடிக்கெய்ட் பதிவும் இல்லை, க்ளெய்மும் (கொடுத்த தெரபிக்குக் காசு கேட்டுப் போடும் கோரிக்கை) இல்லை. கம்பனியின் முதலாளியே பிசிபிஏ என்றால் வேலை பாதி குறைந்துவிடும். முதலாளி வெறும் முதலீட்டாளர் என்றால், கூட்டிவந்த பிசிபிஏ விலகிப் போகும் அன்றைக்கு ஏஜென்சியும் நின்றுவிடும் என்பதை அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், காது கொடுக்கமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.

இங்கே ஒரு இடைச்செருகல். “நானும் இங்கயிருந்து ஆர்பிடி எடுக்கலாமா” என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: முடியாது. இந்தச் சான்றிதழ்களைக் கொடுக்கும் அமெரிக்கச் சபை 2023 தொடக்கம் அமெரிக்கா, கனடா போன்ற ஒருசில நாடுகளில் வசிப்பவர்களின் விண்ணப்பங்களை மட்டும்தான் எடுக்கிறது, இலங்கை அதில் இல்லை. 40 மணிநேரப் பயிற்சியை ஒன்லைனில் காசுக்கு விற்பவர்கள் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

லைசென்ஸ்

சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. சான்றிதழ் கொடுப்பது தொழில்சார் சபை, லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். டெக்சாஸில் பிசிபிஏ சான்றிதழோடு மாநில லைசென்ஸும் வேண்டும், நியூயோர்க்கிலும் அப்படித்தான். புளோரிடாவில் நடத்தைப் பகுப்பாய்வாளருக்கு என்று மாநில லைசென்ஸ் கிடையாது, சான்றிதழை வைத்தே போகலாம், ஆனால் கைரேகை எடுத்துப் பின்புலம் பார்க்கும் பரிசோதனை கடுமையாக இருக்கும். லைசென்ஸ் அநேகமாக ஆளுக்குத்தான் வருகிறது, கம்பனிக்கு வேறு ஏதாவது உரிமம் வேண்டுமா என்பதை அந்த மாநிலத்தின் மெடிக்கெய்ட் வழங்குநர் கையேட்டில் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். நியூயோர்க்கில் இன்னொரு சிக்கல், தொழில் லைசென்ஸ் உள்ளவர்கள் நடத்தும் கம்பனி வகையில் உரிமையாளர்களும் லைசென்ஸ் உள்ளவர்களாகவே இருக்க வேண்டும். மாமா காசு போட்டார் என்பதற்காக அவரைப் பங்காளியாக எழுத முடியாது. இது வக்கீலிடம் கேட்க வேண்டிய விஷயம். திருகோணமலையில் இருந்து ஆலோசனை சொல்லாதீர்கள், கேள்வியை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

கம்பனி, இலக்கங்கள், அப்புறம் நம் ஆட்களின் பெயர்

கம்பனியை மாநிலத்தில் பதிந்த பிறகு இஐஎன் என்ற வரி இலக்கம் எடுக்க வேண்டும். அமெரிக்க இறைவரித் திணைக்களத்தின் தளத்தில் இலவசம். அதைக் காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன, தேடினால் அவைதான் மேலே வரும், கவனம். இலக்கம் வந்ததும் கிடைக்கும் சிபி 575 என்ற கடிதத்தைப் பத்திரமாகச் சேமியுங்கள், மெடிக்கெய்ட் பதிவிலும் வங்கியிலும் அதைக் கேட்பார்கள். தொலைந்தால் 147சி என்ற மாற்றுக் கடிதத்தைத் தொலைபேசியில் கேட்டு எடுக்கலாம், ஆனால் கோல் எடுத்துக் காத்திருக்க வேண்டியவர் கம்பனிக்காரர்தான், நீங்கள் இல்லை.

அடுத்தது என்பிஐ, மருத்துவச் சேவை கொடுப்பவர்களுக்கான அடையாள எண். 10 இலக்கங்கள், இதுவும் இலவசம். இதில் இரண்டு வகை: முதல் வகை ஆளுக்கு, இரண்டாம் வகை நிறுவனத்துக்கு. ஏஜென்சிக்கு ஒன்று, ஒவ்வொரு பிசிபிஏவுக்கும் ஒவ்வொன்று, பல மாநிலங்களில் ஆர்பிடிக்கும் ஒவ்வொன்று. எடுக்கும்போது தொழில் வகைக் குறியீடு ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும். நடத்தைப் பகுப்பாய்வாளர், உதவிப் பகுப்பாய்வாளர், நடத்தைத் தொழில்நுட்பவியலாளர் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. அவசரத்தில் உளவியலாளர் என்று எதையாவது அழுத்திவிட்டால் மாதங்கள் கழித்து க்ளெய்ம் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

இப்போது பெயர். இந்த வேலையில் நம் ஆட்களுக்கு வரும் தலையிடியில் பாதி இதுதான். இலங்கைக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அமெரிக்கா போனதும் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும், தகப்பன் பெயர் முதல் பெயராகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயர் சேரும். பல்கலைக்கழகச் சான்றிதழில் ஒரு மாதிரி, அமெரிக்க அரசு ஆளுக்கு இலக்கம் போட்டுக் கொடுக்கும் சமூகப் பாதுகாப்பு அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் எழுத்துக் கொள்ளாமல் நீளமான தகப்பன் பெயரை வெட்டிப் பாதியாக்கி இன்னொரு மாதிரி. மனுசருக்கு இது ஒரே ஆள் என்று தெரியும், கம்பியூட்டருக்குத் தெரியாது. மெடிக்கெய்ட் பதிவுத் தளமான போர்ட்டல் பெயரையும் பிறந்த திகதியையும் சமூகப் பாதுகாப்பு இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும், ஒரு ‘எச்’ எழுத்துக் கூடினாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம். அதனால் எந்த ஃபோமையும் தொடும் முன்னால் எல்லோருடைய பெயரும் எந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். சமூகப் பாதுகாப்பு அட்டையை அடிப்படையாக வைத்துக்கொண்டு சான்றிதழ், லைசென்ஸ், என்பிஐ எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி திருத்தச் சொல்லுங்கள். அலுப்பான வேலை, ஆனால் இதை முடித்துவிட்டால் மற்றது ஓடும். முகவரிக்கும் இதே கதை, தெருவுக்கான சொல்லை ஒரு இடத்தில் முழுதாகவும் இன்னொரு இடத்தில் சுருக்கியும் எழுதாதீர்கள். திகதியில் அங்கே மாதம் முதலில் வரும், நாங்கள் நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள், 04/07 என்று பார்த்தால் கை தானாகத் தவறும்.

மெடிக்கெய்ட் பதிவு

மாநிலத்தின் போர்ட்டலில் விண்ணப்பம் போட வேண்டும், டெக்சாஸில் பெம்ஸ் என்கிறார்கள், மற்ற இடங்களில் வேறு பெயர்கள். ஏஜென்சியைக் குழுவாகப் பதிய வேண்டும், பிசிபிஏவைத் தனியாளாகப் பதிய வேண்டும், பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். இந்த மூன்றாவது படியை விட்டுவிடுபவர்கள் நிறைய. இரண்டு பதிவும் செல்லுபடியாகும், ஆனால் இணைப்பு இல்லாததால் க்ளெய்ம் ஒன்றும் போகாது.

2010இல் வந்த சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு சேவை வழங்குநர்களைக் குறைந்த, நடுத்தர, உயர் ஆபத்து என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். நடுத்தரத்துக்கும் அதற்கு மேலும் என்றால் இடத்துக்கு நேரில் வந்து பார்ப்பார்கள், உயர் என்றால் நூற்றுக்கு 5 அல்லது அதற்கு மேல் பங்கு உள்ள ஒவ்வொருவரும் கைரேகை கொடுக்க வேண்டும். ஏபிஏ ஏஜென்சி எந்த வகுப்பில் விழும் என்பதை மாநிலம் தீர்மானிக்கும். நேரில் வரும்போது கதவில் பெயர்ப்பலகை இருக்க வேண்டும், ஆள் இருக்க வேண்டும், கோப்பு இருக்க வேண்டும். தபால் பெட்டி முகவரியை வைத்துத் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் நிறுவன வகை வழங்குநர்களுக்குத்தான், 2025இல் அது 730 டொலர், உங்கள் ஏஜென்சி அதற்குள் வருமா என்பதையும் மாநிலக் கையேட்டில் பாருங்கள்.

உரிமை வெளிப்படுத்தல் ஃபோமில் நூற்றுக்கு 5 அல்லது அதற்கு மேல் பங்கு உள்ள எல்லோரையும் எழுத வேண்டும், நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களையும் எழுத வேண்டும், அவர்களுக்குள் புருஷன்-பெண்சாதி, தாய்-தகப்பன், பிள்ளை, சகோதரம் என்ற உறவு இருந்தால் அதையும் எழுத வேண்டும். நம் குடும்பங்களில் காசு எப்படித் திரள்கிறது என்று தெரியும்தானே, பெரியப்பா கொஞ்சம், அக்கா கொஞ்சம், லண்டனில் இருந்து ஒருவர் கொஞ்சம், எழுத்தில் ஒன்றும் இராது. அங்கே அது சரிவராது. கடன் என்றால் கடன் என்று எழுதுங்கள், பங்கு என்றால் பங்கு என்று எழுதுங்கள், மறைத்த பங்காளி பிறகு வெளியே வந்தால் பதிவையே இரத்துச் செய்ய அது ஒன்றே போதும்.

வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் மத்திய சுகாதாரத் துறைத் தலைமைக் கண்காணிப்பாளர் வெளியிடும் விலக்கப்பட்டோர் பட்டியலில் தேட வேண்டும். அந்தப் பட்டியல் மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறது, அதனால் தேடலும் மாதாமாதம். இது நீங்கள் இங்கிருந்து தாராளமாகச் செய்யக்கூடிய வேலை, தேடிய திகதியோடு திரையைப் படமெடுத்துச் சேமித்து வையுங்கள்.

தொழிற்பொறுப்புக் காப்புறுதி வேண்டும், ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டொலர், ஆண்டுக்கு மொத்தம் 30 லட்சம் என்பது வழக்கமாகக் கேட்கப்படும் அளவு. வங்கிக் கணக்கு கம்பனியின் சட்டப் பெயரில், அமெரிக்காவில்.

மாநிலப் பதிவு கிடைத்ததும் முடிந்தது என்று பாற்சோறு காய்ச்சிவிட வேண்டாம். பல மாநிலங்களில் மெடிக்கெய்டை நடத்துவது தனியார் காப்புறுதித் திட்டங்கள், அவை ஒவ்வொன்றோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். அவர்கள் பெரும்பாலும் சிஏக்யூஎச் என்ற பொதுத் தளத்தில் பிசிபிஏவின் விபரங்களைப் பார்ப்பார்கள், அங்கே 120 நாளுக்கு ஒருமுறை விபரம் சரி என்று உறுதிப்படுத்தாவிட்டால் ஒப்பந்த விண்ணப்பம் அப்படியே கிடக்கும். சில வேளை மாநிலமே குறிப்பிட்ட இடத்தில் புதிய பதிவை நிறுத்தி வைக்கும், புளோரிடாவில் 2018இல் மயாமி-டேட், புரோவார்ட் கவுண்டிகளில் ஏபிஏ வழங்குநர்களுக்கு அப்படி நிறுத்தினார்கள். வாடகைக்கு இடம் எடுக்கும் முன்னால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள், பின்னால் பார்த்துப் பயனில்லை.

பதிவும் ஒப்பந்தங்களும் சேர்ந்து மாதக்கணக்கில் இழுக்கும். அதன் பிறகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தகுதியான வைத்தியர் அல்லது உளவியலாளர் கொடுத்த நோய்நிர்ணய அறிக்கை, பரிந்துரை, சிகிச்சைக்கு முன்அனுமதி என்று இருக்கிறது. அதுவரை பிசிபிஏவுக்குச் சம்பளம், வாடகை, காப்புறுதி எல்லாம் கையில் இருந்துதான். என் கணக்கில் அரை வருடச் செலவு கையில் இல்லாதவர் மெடிக்கெய்டை நம்பித் தொடங்கக் கூடாது, மச்சாளிடம் இதைச் சொல்வது உங்கள் வேலை இல்லைதான், ஆனாலும் வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

திருகோணமலையில் இருந்து எது ஆகும், எது ஆகாது

மெடிக்கெய்ட் சேவைக்கான காசை அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிக்கோ நிறுவனத்துக்கோ மாநிலம் கொடுக்கக் கூடாது என்று அதே 2010 சட்டம் சொல்கிறது. எனவே தெரபிக்கான கொடுப்பனவு இங்கே வரவே முடியாது. உங்களுடைய சம்பளம் வேறு, அது கம்பனி தன் காசில் நிர்வாக வேலைக்குக் கொடுப்பது. அந்த இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பாதீர்கள்.

பிள்ளைகளின் விபரம் இன்னொரு எல்லை. நோயாளி விபரங்களின் இரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டம், வெளிநாட்டில் இருப்பவர் நோயாளி விபரத்தைப் பார்க்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லவில்லை, முறையான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. ஆனால் சில மாநிலங்களும் சில காப்புறுதித் திட்டங்களும் தங்கள் ஒப்பந்தத்தில் அதைத் தடை செய்கின்றன. நல்ல விஷயம் என்னவென்றால் பதிவுக் கட்டத்தில் பிள்ளைகளின் விபரமே கிடையாது. அதனால் பதிவு, இணைப்பு, புதுப்பித்தல், பட்டியல் தேடல் இவற்றோடு நிற்பதுதான் என் ஆலோசனை. தெரபி தொடங்கிய பிறகு 97153 போன்ற சேவைக் குறியீடுகளை வைத்து 15 நிமிட அலகுகளாக க்ளெய்ம் போடும் வேலையை, ஒப்பந்தங்களை வாசித்து அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கிய பிறகு மட்டும் எடுங்கள்.

கையெழுத்து போடாதீர்கள். “இந்த விபரங்கள் உண்மை” என்று உறுதிமொழிப் பெட்டியை அழுத்துவது உரிமையாளரின் வேலை, நீங்கள் நிரப்பி வைக்கலாம், அழுத்துவது அவர். அவருடைய பாஸ்வேர்டையும் வாங்காதீர்கள், என்பிஐ தளத்தில் வேறொருவர் சார்பாக வேலை செய்யத் தனிக் கணக்கும் அனுமதியும் எடுக்க வழி இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு இலக்கத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள், குடும்ப குரூப்பில் போடும் ஆட்களும் இருக்கிறார்கள். சில மாநிலப் போர்ட்டல்கள் வெளிநாட்டில் இருந்து திறக்காது, விபிஎன் போட்டு ஒளித்து நுழைவதைவிட அவர் திரையைப் பகிர, நீங்கள் சொல்லச் சொல்ல அவர் நிரப்புவது பாதுகாப்பு.

நேரம்: நியூயோர்க்கில் காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது கோடையில் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. டெக்சாஸ் என்றால் இன்னும் ஒரு மணிநேரம் பிந்தும். இரவு வேலை, மின்வெட்டுக்கு ஒரு ஏற்பாடும் வேண்டும்.

பதிவு கிடைத்த பிறகும் நாட்காட்டி உங்கள் கையில்தான். குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை மெடிக்கெய்ட் மறுஉறுதிப்படுத்தல், முகவரியோ உரிமையோ மாறினால் உடனே அறிவிப்பு, என்பிஐ விபரம் மாறினால் 30 நாளுக்குள் திருத்தம், ஒவ்வொரு ஆர்பிடியின் சான்றிதழும் காலாவதியாகும் நாள். க்ளெய்முக்கும் கெடு உண்டு, மத்திய விதி 12 மாதம் என்றாலும் டெக்சாஸில் 95 நாள்தான். இந்தக் கோப்பு வேலையைச் சின்ன விஷயமாக நினைக்கிறவர்களுக்கு இந்தியானா மாநிலத்தைக் காட்டுங்கள். 2024 டிசம்பரில் வந்த மத்தியக் கணக்காய்வு, அந்த மாநில மெடிக்கெய்ட் 2019, 2020 ஆண்டுகளில் ஏபிஏ தெரபிக்குக் கொடுத்ததில் குறைந்தது 5 கோடி 60 லட்சம் டொலர் முறையற்ற கொடுப்பனவு என்று சொன்னது. தெரபிக் குறிப்புகள் போதாமல் இருந்ததும் ஆட்களுக்குத் தேவையான தகுதி இல்லாமல் இருந்ததும் அதில் வந்த காரணங்கள்.

“அப்ப இதையே இங்க தொடங்கினா என்ன” என்ற கேள்வியும் வரும். இங்கே மெடிக்கெய்ட் போல ஒன்று இல்லை, அரச ஆஸ்பத்திரியில் இலவசம், தனியாரில் பெற்றோர் கையில் இருந்து காசு. நடத்தைப் பகுப்பாய்வாளருக்கு லைசென்ஸ் முறையும் இல்லை. ஆனால் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதியும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, உங்கள் நிலையம் அதற்குள் வருமா என்பதை மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அமெரிக்க ஃபோம் நிரப்பிய அனுபவம் இங்கே பெரிதாக உதவாது, அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

உங்கள் காசு பற்றி. உறவு என்பதற்காக வாய்ப்பேச்சில் விடாதீர்கள், மாதச் சம்பளமா அல்லது விண்ணப்பத்துக்கு இவ்வளவா என்று எழுத்தில் போடுங்கள். மெடிக்கெய்ட் வருமானத்தில் இத்தனை வீதம் என்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம், க்ளெய்மோடு உங்கள் கூலியைக் கட்டுவது சட்டச் சிக்கலை இழுத்து வரும். டொலரில் வரும் கூலிக்கு இங்கே முன்பு வரிவிலக்கு இருந்தது, 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் சேவை செய்து வங்கி மூலம் கொண்டுவரும் வருமானத்துக்கு அதிகபட்சம் நூற்றுக்கு 15 வரி, ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு. வங்கிக்கு வரும் ஒவ்வொரு தொகைக்கும் விலைப்பட்டியல் ஒன்று எழுதிச் சேர்த்து வைத்தால் இறைவரித் திணைக்களத்தில் இருந்து கேள்வி வரும்போது தேடி ஓட வேண்டியதில்லை.